தழைச்சத்து

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் இருக்கும் அந்த இடத்துக்கு மூன்று பெயர்கள். பல்கலைக்கழகம் வாசல் வளைவில் எழுதி வைத்திருப்பது ஆர்போரீட்டம். விழா அழைப்பிதழில் அது மரப் பூங்கா. பஸ் கண்டக்டருக்கு மரப்பண்ணை. "மரப்பண்ணை எறங்கு" என்று அவர் விசிலடித்தால் இறங்குவது பெரும்பாலும் பிரவீணா ஒருத்திதான். எந்தப் பெயரில் அழைத்தாலும் அங்கே ஆய்வைத் தவிர மற்ற எல்லாமும் நடக்கும் என்பது, மூன்று வருஷம் அந்த மண்ணைக் கிளறிய பிறகு அவள் வந்து சேர்ந்த முடிவு.

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடிகள் வருவார்கள். அப்படி ஒரு ஜோடி சாய்ந்து நிற்க வசதியாக வாகை மரத்தின் கிளையை ஒரு போட்டோகிராபர் வளைக்கப் போய் ஒடித்தே விட்டார். பெரிய மனிதர்கள் வந்து மரம் நடுவார்கள். கேமராவுக்கு வெளிச்சம் தோதாக விழுவது ஓர் இடத்தில்தான் என்பதால் வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குழியில்தான் நட்டார்கள். கன்றுகள் போய்ச் சேர்ந்தன. குழி மட்டும் வருஷா வருஷம் நன்றாக வளர்ந்துவந்தது.

போதாக்குறைக்குச் சனிக்கிழமை தோறும் இயற்கைக் கல்வி முகாம். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். வழிகாட்டுவது ஆய்வு மாணவர்களின் பொறுப்பு. ஆய்வு மாணவர்கள் என்றால் பிரவீணா என்று அர்த்தம். மற்ற இருவரும் சனிக்கிழமையானால் காய்ச்சல் வரும்படி உடம்பைப் பழக்கி வைத்திருந்தார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் முணுமுணுப்பு மறந்துவிடும். "இது இலைக்குப்பை இல்ல பிள்ளைகளா. மரம் தனக்குத் தானே போட்டுக்கிற சாப்பாடு" என்று ஆரம்பித்தாள் என்றால் கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து கேட்கும்.

அவளுடைய ஆய்வும் அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான். தோட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் அள்ளிவிட்டுப் போட்ட நிலம். மேல்மண் மொத்தமும் போய்விட்டது. அங்கே நம் பக்கத்து மரங்களான வன்னி, உசில், உடை, ஆத்தி எல்லாம் வரிசையாக நின்றன. தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், வானத்தை மட்டும் நம்பி விட்டுவிட்டால் இந்த மரங்கள் தாம் நிற்கிற செத்த மண்ணுக்குத் தாமாகவே உயிர் கொடுக்குமா? இதுதான் அவள் கேள்வி. கொடுக்கும் என்று காட்டிவிட்டால், இந்த வறண்ட பூமியில் யாரும் சீந்தாமல் கிடக்கிற எத்தனையோ நிலத்துக்கு அது ஒரு வழி.

முதல் வருஷம் மண்ணை எடுத்துச் சோதித்தபோது எல்லா மரத்தடியிலும் நைட்ரஜன் எனும் தழைச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். இரண்டாம் வருஷம் வன்னியடியில் மட்டும் ஒரு பொட்டுக் கூடியிருந்தது. அவள் துள்ளிக் குதித்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் அமுதவள்ளி குதிக்கவில்லை. "தற்செயலாவும் இருக்கலாம்மா. மூணாவது வருஷமும் ஏறட்டும். அப்ப அது மரம் குடுத்த சத்துதான்னு நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார். அந்த மூன்றாவது மண்ணை ஆவணி முடிவதற்குள், முதல் மழை விழுமுன் எடுத்தாக வேண்டும். வருகிற திங்கட்கிழமை என்று குறித்திருந்தாள். உதவித்தொகையும் இந்த வருஷத்தோடு முடிகிறது. மூன்று வருஷமும் அந்த ஒரு பிடி மண்ணில் வந்து நின்றது.

அதனால்தான் அந்த மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, 'கண்ட்ரோல்டு பிளாட்' என்று இங்கிலீஷில் எழுதிய தகரப் பலகைகளையும் நட்டிருந்தாள். வெளியிலிருந்து ஒன்றும் சேராமல் காத்துவரும் இடம் என்று ஆய்வுக்காரர்கள் பாஷையில் பொருள். மரத்தடியில் உதிர்ந்த இலைகளை நைலான் வலைப்பைகளில் போட்டு, எவ்வளவு மக்குகிறது என்று பார்க்கத் தரையோடு தரையாகப் பதித்தும் வைத்திருந்தாள்.

கருவிகளைத் தயார் செய்ய இரண்டு நாள் மதுரையில் இருந்துவிட்டு, சனிக்கிழமை காலை நேராக முகாமுக்கு வந்து இறங்கினாள். வாசலிலேயே வாடை அடித்தது. பாலவனத்தத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவளுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். கிடை வாடை. புஞ்சையில் ராத்திரி முழுக்க ஆட்டு மந்தையை அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்க வைப்பார்களே, அந்தக் கிடை. அதைவிட மேலான உரம் இந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இல்லை.

பக்கத்துப் புஞ்சையில் போட்டிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமானது.

கயிறுகளை யாரோ அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி, பலகைகளின் மேல் மாட்டியிருந்தார்கள். அந்த மரியாதையைப் பார்த்ததும்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. வன்னியடி, உசிலடி, உடையடி எங்கும் கருகருவென்று புழுக்கை. தரை ஈரம் காயாமல் குளம்பு பட்டு மிதிபட்டுக் கிடந்தது. வலைப்பைகளை ஆடுகள் கடித்து இழுத்து, உள்ளே இருந்த இலைகளைத் தின்று தீர்த்திருந்தன. ஒரு பை மட்டும் முள்ளில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

காவலாளி சீனிச்சாமி பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"வந்துட்டீகளா மேடம்? பாத்தீகளா?"

"யாருண்ணே ஆட்ட உள்ள விட்டது?"

"ஆரு விடுவா? ஒங்கப்பா அவுகதான் கொண்டாந்தாக. ராம்நாட்டுப் பக்கமிருந்து ஆடு மேச்சுக்கிட்டு வந்த கீதாரி மந்தை. அவுக புஞ்சைக்குன்னு பேசி வச்ச கிடையாம்ல, அத இங்கிட்டுத் திருப்பிட்டாக. வியாழக்கெழம ராத்திரி பாதி மரத்துக்கு, நேத்து மீதி மரத்துக்கு."

"எங்கப்பாவா?"

"ஆமா. ரெண்டு ராத்திரியும் இங்கயே முழிச்சுக் கெடந்தாக."

"போர்டு வச்சிருக்கேன்லண்ணே! அதப் பாக்கலயா நீங்க?"

"பாக்காம இருப்பமா?" சீனிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கண்ட்ரோலுன்னு போட்டிருக்கு, பாத்து அளவாக் கட்டுங்கன்னு நாந்தான சொன்னேன். ஒங்கப்பாவும் கீதாரிட்ட கறாராச் சொல்லிட்டாக. ஒரு மரத்தடிக்கு ஒரு ராத்திரிக்கு மேல கூடாது, எல்லா மரத்துக்கும் ஒண்ணுபோல இருக்கணும்னு. கண்ட்ரோலாத்தான் நடந்துச்சு மேடம்."

வேறு யாருடைய ஆய்வுக்காவது இது நடந்திருந்தால் பிரவீணா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. ஏன் தாயி மொகம் வாடிக் கெடக்கு என்று கேட்டார். "மண்ணுல சத்தே இல்லப்பா. மூணு வருஷமாப் பாக்குறேன், ஏறவே மாட்டேங்குது" என்று எரிச்சலில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். மண்ணில் சத்து இல்லை என்று ஒரு சம்சாரியிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? அப்பா முத்துராமலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காதில் விழவில்லை போல என்று அவள் நினைத்திருந்தாள்.

தோட்டப் பொறுப்பாளர் ஆனந்தகுமார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். பிரவீணாவின் துறையிலேயே உதவிப் பேராசிரியர். அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தி, "என்ன பிரவீணா, ஹேப்பியா?" என்றார்.

"சார், ஆட்டை விடலாம்னு நீங்களா சொன்னீங்க?"

"நான்தான். ஏன்? அடுத்த மாசம் துணைவேந்தர் வர்றார். மரமெல்லாம் மஞ்சளடிச்சுக் கெடக்குன்னு போன தடவையே ஒரு மாதிரி கேட்டார். கும்பிடப்போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி உங்கப்பா வந்து நின்னாரு."

"அந்த மஞ்ச மரம்தான் சார் என் ஆய்வே. உரம் படக்கூடாதுன்னு உங்ககிட்ட மூணு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்."

ஆனந்தகுமாரின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. அப்புறம் தெளிவாகிவிட்டது. பழியை எங்கே இறக்கி வைப்பது என்று தெரிந்துவிட்டால் சிலருக்கு முகம் அப்படித்தான் தெளியும். "வந்தது வேற யாரோ இல்லையேம்மா. உங்க அப்பா. உங்க ஆய்வு என்னன்னு தெரிஞ்சுதான் செய்றாருன்னுதானே நான் நெனப்பேன்? பாப்பாகிட்ட சொல்லாதீக, வந்து பாக்கட்டும்னாரு. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் என்ன கேள்வி கேக்க முடியும்?"

கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். அவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், முகாமுக்கு மல்லாங்கிணறு பள்ளிப் பிள்ளைகள் வருகிற நேரமாகிவிட்டது, சீனிச்சாமி தண்ணீர் டிரம்மைக் கழுவினாரா என்று கேட்டுக்கொண்டே அவர் போய்விட்டார்.

அமுதவள்ளிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"எல்லா மரத்தடியிலுமா?"

"எல்லாத்துலயும் மேடம். ஒண்ணுவிடாம."

"அப்ப திங்கட்கிழமை மண்ணு எடுக்காதே. எடுத்தா சத்து ஏறித்தான் இருக்கும். அதை மரம் குடுத்துச்சா ஆடு குடுத்துச்சான்னு உன்னாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது." அமுதவள்ளி பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "அந்த உரத்தோட வலு மண்ணை விட்டுப் போகணும். அதுக்கு எவ்வளவு காலமாகும்னு பாரு. அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கலாமான்னு யோசிப்போம். உதவித்தொகைக்கு நான் கேட்டுப் பாக்குறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டு வன்னி மரத்தடியில் நின்றாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஆனந்தகுமாரைத் திட்டினால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட ஒரு ஆள் குறைவார். சீனிச்சாமி பலகையை மதித்து நடந்தவர். ஆடுகளோ வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுப் போய்விட்டன.

டிவிஎஸ் பிப்டியின் சத்தம் கேட்டது. முத்துராமலிங்கம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, விசேஷ வீட்டுக்குப் போவதுபோல் வெளுத்த சட்டையும் வேட்டியுமாக வந்தார். மகள் மூன்று வருஷம் படித்த இடத்துக்குள் இந்த வாரத்துக்கு முன் அவர் காலெடுத்து வைத்ததில்லை. இரண்டு ராத்திரி முழித்ததில் கண் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் களைப்பே இல்லை.

"எப்படித் தாயி?" என்றார்.

"யாரக் கேட்டுப்பா இதச் செஞ்சீக?"

"சாரைக் கேட்டேனே. தங்கமான மனுசன். ஒரே வார்த்தையில சரின்னுட்டாரு."

"என்னயக் கேட்டீகளா?"

"ஒன்னயக் கேட்டா, நம்ம புஞ்சைக்குப் போடுங்கப்பாம்ப. எனக்குத் தெரியாதாக்கும்." அவர் சிரித்தார். "புஞ்ச கெடக்கு. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம். நீதான் மண்ணு ஏற மாட்டேங்குதுன்னு சோறு எறங்காம கெடந்த. இனி மூணு வருசத்துக்குக் கவலைய விட்ரு. கிடை போட்ட மண்ணு, மூணு வருசம் அசராது."

மூணு வருசம். அமுதவள்ளி பார்க்கச் சொன்ன கணக்கை, கேட்காமலே அப்பா சொல்லிவிட்டார்.

"நான் மண்ண வளக்கலப்பா! அளக்குறேன்! அளக்குறேன்!" அவள் கத்திய கத்தில் சீனிச்சாமி தண்ணீர் டிரம்மை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இந்த மரம் தானாக் குடுக்குதா, இல்லையான்னு பாக்கத்தான் மூணு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாம வச்சிருந்தேன். பரீட்சை எழுதுறது மரம்ப்பா. நீங்க பின்னால நின்னு அத்தனை விடையையும் சொல்லிக் குடுத்துட்டீக. இப்ப அது பாஸா பெயிலான்னு யாருக்குத் தெரியும்? என் படிப்பே போச்சு."

முத்துராமலிங்கத்தின் சிரிப்பு உடனே மறையவில்லை. அவள் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே போக, அது முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சத்து இல்லன்னு அழுதியே தாயி."

"அழலப்பா. சொன்னேன்."

அவர் மரத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை விரித்துப் போட்டு, வெள்ளை வேட்டியோடு அப்படியே குத்தவைத்து, இரண்டு கையாலும் புழுக்கையை அள்ளிப் போட ஆரம்பித்தார்.

"அள்ளிருவோம். கீதாரி திருச்சுழியத் தாண்டியிருக்க மாட்டான், போன் போட்டு வரச் சொல்றேன். நாலு பேரு சேந்தா மத்தியானத்துக்குள்ள..."

அள்ளிய கை நின்றுவிட்டது. மிதிபட்ட ஈர மண்ணில் விரலை விட்டு நோண்டினார். ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை. நோண்டிய மண்ணை மூக்கருகே கொண்டுபோனார்.

"புழுக்கைய அள்ளிரலாம்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். "மூத்திரம் எறங்கிருச்சே. கிடையில வலுவே அதுதான."

அதை அள்ள முடியாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். பிரவீணாவுக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கோபப்பட்டாலாவது, நான் உனக்கு நல்லதுதானே செய்தேன் என்று ஒரு சத்தம் போட்டாலாவது தேவலை போலிருந்தது.

"மூணு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்ன படிக்கிறேன்னு கேட்டிருக்கீகளாப்பா?"

"கேட்டா எனக்குப் புரியவா போகுதுன்னு இருந்துட்டேன் தாயி" என்றார் அவர். "ஒன்னயத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்."

எத்தனை சனிக்கிழமை, எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதே மரத்தடியில் நின்று இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் யாராவது கேட்டால் மண்ணு பத்தி என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். இப்போது அதை நினைத்தும் எரிச்சல்தான் வந்தது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மல்லாங்கிணறு பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கி, வரிசை கட்டச் சொல்லும் டீச்சரின் குரலையும் மீறி உள்ளே ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஐயோ ஆட்டுப் புழுக்கை, மிதிச்சிட்டேன் என்று ஒரே கூச்சல். முத்துராமலிங்கம் அவசரமாக எழுந்து, துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நகரப் பார்த்தார்.

"எங்க போறீங்க? வாங்க, வாங்க." ஆனந்தகுமார் அவர் தோளில் கை போட்டு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் நடந்தது எதுவுமே நடக்காதது போல அவர் குரல் கணீரென்று இருந்தது. "பிள்ளைகளா, மூக்கைப் பொத்தக் கூடாது. இது இயற்கை உரம். இதப் போட்டது யாரு தெரியுமா? இவருதான். தன்னோட சொந்தப் புஞ்சைக்கு வச்சிருந்த கிடைய நம்ம மரங்களுக்காகக் கொண்டுவந்து போட்ட சம்சாரி. உங்களுக்குச் சுத்திக் காட்டப் போற பிரவீணா அக்காவோட அப்பா. மகளோட படிப்புக்காக யாரு இப்படிச் செய்வா? எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டுங்க!"

பிள்ளைகள் தட்டினார்கள். மூக்கைப் பொத்திய கைகளெல்லாம் விடுபட்டு, மரத்திலிருந்த மைனாக்கள் பறக்கும்படி தட்டினார்கள்.

"வேணாம்" என்றார் முத்துராமலிங்கம். துண்டு பிடித்த கையை ஆட்டினார். "தட்டாதீகய்யா. நான் கெடுத்துப்புட்டேன்... பிள்ள படிப்பக் கெடுத்துப்புட்டேன்."

கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அவர் கையை ஆட்டுவதை மட்டும் டீச்சர் பார்த்தார். "பாத்தீங்களா, பெரிய மனசு உள்ளவங்க இப்படித்தான், புகழ்ச்சி வேணாம்பாங்க. இன்னும் பலமாத் தட்டுங்க" என்றார்.

பிள்ளைகள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அத்தனை தலைகளுக்கும் மேலாக முத்துராமலிங்கம் மகளைப் பார்த்தார். இதை எப்படியாவது நிறுத்து தாயி என்று கெஞ்சுகிற பார்வை. நிறுத்த வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால், என் அப்பா என் ஆய்வைக் கெடுத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். சற்று முன் தொண்டை கிழிய அவரிடமே கத்தியவளுக்கு இப்போது அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"என்ன பிரவீணா," ஆனந்தகுமார் சிரித்தார். "ஊரே தட்டுது. பெத்த அப்பாவுக்கு நீங்க தட்ட மாட்டீங்களா?"

பிள்ளைகள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரவீணா பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.